மலை இறங்கிய பிறகு: வாசகர் கேள்வி – பதில்

இமயமலைப் பக்கம் போய்த் திரும்பிய சென்னை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஏறத்தாழ எல்லோருக்கும் ஒரே கவலைதான். படங்கள் ஆளுக்கொரு போனில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை எப்படிச் சேர்ப்பது, யாருக்கு எப்படிக் காட்டுவது, எப்படி நிலைத்து வைப்பது?

*ஒன்பது பேராக இமாச்சலில் ஹம்ப்டா பாஸ் போய் வந்தோம். எல்லோரும் வாட்ஸ்அப் குரூப்பில் படங்களைக் கொட்டிவிட்டார்கள். பெரிதாக்கினால் மங்கலாக இருக்கிறது. எந்தப் படம் எந்த நாள் என்ற வரிசையும் குலைந்துவிட்டது. என்ன செய்யலாம்?*
– வாசகர், வேளச்சேரி

முதல் வேலையாக, யாரும் போனில் இருக்கும் அசல் படங்களை அழிக்க வேண்டாம் என்று இன்றே குரூப்பில் சொல்லிவிடுங்கள். "அதான் குரூப்பில் போட்டாச்சே" என்று இடம் காலி செய்பவர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம், நீளப் பக்கம் சுமார் 1600 முதல் 2000 பிக்சல் வரை சுருங்கித்தான் போய்ச் சேரும். போன் எடுத்தது 4000 பிக்சல். 'ஹெச்டி' என்று தேர்ந்தெடுத்தாலும் சுருக்கம் குறையுமே தவிர நீங்காது. அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. படத்துக்குள் பதிந்திருக்கும் எடுத்த நேரமும் இடமும் வழியிலேயே உதிர்ந்துவிடும். வந்து சேர்ந்த நேரம்தான் கோப்பின் நேரமாக நிற்கும். வரிசை குலைந்தது அதனால்தான். வாட்ஸ்அப்பிலேயே அனுப்பியாக வேண்டுமென்றால் கேலரி வழியாக அனுப்பாமல் 'டாகுமென்ட்' வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அப்போது கோப்பு அப்படியே வரும்.

ஒன்பது பேருக்கு அது சரிப்படாது. கூகுள் போட்டோஸில் ஒருவர் பொது ஆல்பம் தொடங்கி, மற்றவர்கள் தங்கள் போனிலிருந்தே அதில் சேர்ப்பது எளிது. சேர்க்கும் முன் ஒவ்வொருவரும் பேக்கப் தரம் 'ஒரிஜினல்' என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். 'ஸ்டோரேஜ் சேவர்' என்றிருந்தால் 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படமும் 1080 பிக்சல் தரத்துக்கு மேற்பட்ட வீடியோவும் சுருங்கும். ஒருவர் போடுவது அவர் கணக்கின் இடத்தை மட்டுமே பிடிக்கும். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. அதில் ஜிமெயிலும் டிரைவும் பங்கு போட்டுக்கொள்ளும். 2021 ஜூன் முதல் சுருக்கிய படங்களும் இந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. ஆளுக்கு 300 படம், படத்துக்கு 4 எம்பி என்றால் 1.2 ஜிபி, அது சிரமமில்லை. இடத்தைத் தின்பது வீடியோதான். 4கே வீடியோ நிமிடத்துக்கு 170 முதல் 350 எம்பி வரை போகும்.

அதனால் வீடியோவுக்கு எங்கள் பரிந்துரை நேரில் கூடுவது. ஒரு ஞாயிறு மாலை யாராவது ஒருவர் வீட்டில் சந்தித்து, 500 ஜிபி வெளி எஸ்எஸ்டி (கையடக்கச் சேமிப்பு டிஸ்க்) ஒன்றில் ஆளுக்கொரு ஃபோல்டர் போட்டுக் கேபிளில் இறக்குங்கள். எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. ஐபோன்காரர்கள் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதிக்குப் போய், கம்ப்யூட்டருக்கு மாற்றும் முறையை 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வைக்க வேண்டும். வைக்காவிட்டால் பாதியில் கோளாறு காட்டி நிற்கக்கூடும். எல்லாம் இறங்கியதும் இன்னொரு டிஸ்கில் ஒரு பிரதி எடுத்து, அதை வேறொருவர் வீட்டில் வையுங்கள். ஒரே பையில் இருக்கும் இரண்டு டிஸ்க்குகள் காணாமல் போனால் சேர்ந்தேதான் போகும்.

*அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போனோம். கேமரா படங்களையும் போன் படங்களையும் ஒன்றாக அடுக்கினால் எல்லாமே கொஞ்சம் முன்னே பின்னே இருக்கிறது.*
– வாசகி, அண்ணா நகர்

பெரும்பாலும் 15 நிமிட வித்தியாசமாக இருக்கும், சரிபாருங்கள். நேபாள நேரம் நம்முடையதைவிடக் கால் மணி முன்னால். எல்லை தாண்டியதும் போன் தானே மாறிக்கொள்ளும். கேமரா சென்னை நேரத்திலேயே ஓடும். டிஜிகேம் என்ற இலவச மென்பொருளில் கேமரா படங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நேரத்தை 15 நிமிடம் கூட்டிவிடலாம். வித்தியாசம் வேறாக இருந்தால் ஒரே கணத்தில் போனிலும் கேமராவிலும் எடுத்த ஒரு ஜோடிப் படத்தைத் தேடுங்கள். எல்லோரும் நிற்கும் குரூப் போட்டோ இதற்குப் பொருத்தம். இரண்டின் நேரத்தையும் கழித்தால் கூட்ட வேண்டியது கிடைத்துவிடும்.

அடுத்த பயணத்தில், புறப்படும் நாளில் ஒருவர் போனில் நொடி ஓடும் கடிகாரத்தைத் திறந்து வைத்து, மற்ற எல்லாக் கேமராக்களிலும் அதை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எவ்வளவு பிசகியிருந்தாலும் திருத்திவிடலாம்.

*உறவினர்களுக்கு டிவியில் காட்ட பென்டிரைவில் 800 படங்கள் போட்டேன். பாதி திறக்கவில்லை. திறந்தவற்றையும் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் பார்க்கவில்லை.*
– வாசகர், அம்பத்தூர்

திறக்காதவை ஹெச்இஐசி வகைப் படங்களாக இருக்கும். ஐபோனும் சில ஆண்ட்ராய்டு போன்களும் அந்த வகையில் சேமிக்கின்றன. பல டிவிகளுக்கு அது புரியாது. ஜேபெக்காக மாற்றி, நீளப் பக்கம் 3840 பிக்சல், தரம் 85 என்று வைத்து ஏற்றுமதி செய்யுங்கள். 4கே டிவிக்கு அதற்கு மேல் தேவையில்லை. பெயர்களை 001, 002 என்று மாற்றிவிட்டால் டிவி வரிசையைக் குழப்பாது.

பார்க்கவில்லை என்ற குறைக்கு மருந்து எண்ணிக்கையில் இருக்கிறது. உறவினர்களுக்கு 40 படம், அதிகம் போனால் 50. 800-லிருந்து 40-க்கு ஒரே மூச்சில் வர முடியாது. முதல் சுற்றில் மங்கலானவை, கண் மூடியவை, ஒன்றேபோல் இருப்பவை போகட்டும். ஒரே காட்சிக்கு ஏழு படம் இருந்தால் ஒன்று போதும். இரண்டாம் சுற்றை ஒரு வாரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது பட்ட பாடு மனதில் பசுமையாக இருக்கும்வரை எந்தப் படத்தையும் தள்ள மனம் வராது. மூச்சு வாங்கி ஏறி எடுத்த படம் என்பது பார்ப்பவருக்குத் தெரியாது; அவர் முன்னால் இருப்பது படம் மட்டும்தான்.

மூன்றாம் சுற்றில் சிகரங்களைக் குறையுங்கள். வெண்சிகரம் பத்துக்கு மேல் போனால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். சமையல் டென்டுக்குள் நீராவி, ஓடை நீரில் இறங்கும் வெறுங்கால்கள், முதுகுப் பையின் பட்டை அழுத்திய தோள், காயப்போட்ட சாக்ஸ் போன்ற படங்கள் குறைந்தது பத்து இருக்கட்டும். "அங்கே எப்படித் தூங்கினீங்க, என்ன சாப்பிட்டீங்க" என்றுதான் அத்தையும் சித்தப்பாவும் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் படத்தில் விடை இருக்க வேண்டும். பயணம் போன வரிசையிலேயே காட்டுங்கள். ஹம்ப்டா போன்ற பாதையில் இந்தப் பக்கம் பச்சைப் பசேலென்ற குலு பள்ளத்தாக்கு, 4,270 மீட்டர் கணவாயைத் தாண்டியதும் அந்தப் பக்கம் மரமே இல்லாத லாஹுல். அந்த மாற்றம் அடுத்தடுத்து வரும் இரண்டு படங்களில் தெரிந்தால் வாய்ப்பேச்சு வேண்டியதில்லை.

*பனிப் படங்கள் எல்லாம் அழுக்குச் சாம்பல் நிறமாகவோ நீலமாகவோ வந்திருக்கின்றன. திருத்த முடியுமா?*
– வாசகர், குரோம்பேட்டை

முடியும். எந்தக் காட்சியையும் நடுத்தரச் சாம்பலாகக் கணக்கிட்டு வெளிச்சம் அளப்பது கேமராவின் இயல்பு. காட்சி முழுக்க வெள்ளை என்றால் அதையும் சாம்பலாக்கிவிடும். எடிட் செய்யும்போது எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) 1 முதல் 1.5 ஸ்டாப் வரை ஏற்றுங்கள்; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. பனியின் மேடு பள்ளம் மறைந்து வெறும் வெள்ளையாகத் தொடங்கினால் நிறுத்திவிட வேண்டும். நீலம் நிழலில் கிடக்கும் பனியில்தான் வரும். ஒயிட் பேலன்ஸை மஞ்சள் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும், முழுவதும் நீக்க வேண்டாம். நிழல் பனியில் கண்ணுக்கும் கொஞ்சம் நீலம் தெரியத்தான் செய்யும். அடுத்த முறை எடுக்கும்போதே கேமராவின் வெளிச்சத் திருத்தத்தை (ஈவி) +1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

*ஒரு படத்தை 12×18 அங்குலத்தில் பிரின்ட் போட்டு ஹாலில் மாட்ட ஆசை. லேபில் "ஃபைல் பத்தாது" என்கிறார்கள்.*
– வாசகி, பெரம்பூர்

நீங்கள் கொடுத்தது வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருக்கக்கூடும். 1600 பிக்சலை 18 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூட வராது. சுவரில் மாட்டும் படத்துக்கு 200 இருந்தால் நன்று. 4000 பிக்சல் அசலில் 222 கிடைக்கும். அசலை வாங்கிப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. போன் படம் 4:3 விகிதம், 12×18 என்பது 3:2. லேபில் எதுவும் கேட்காமல் மேலும் கீழும் சேர்த்து ஒன்பதில் ஒரு பங்கை வெட்டிவிடுவார்கள். சிகரத்தின் நுனி போய்விடும். எங்கே வெட்டலாம் என்று நீங்களே வெட்டிக் கொடுங்கள், அல்லது 12×16 கேளுங்கள். சிறிய பிரின்டுக்கு 4×6-க்குப் பதில் 6×8.

தாள் 'மேட்' எனப்படும் பளபளப்பில்லாத வகையாக இருக்கட்டும். சென்னையின் ஈரப்பதத்தில் பளபளப்புத் தாள் கண்ணாடியோடு நேரே ஒட்டியிருந்தால் சில வருடங்களில் பிய்க்க முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். ஃபிரேம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம்.

*எங்கள் கைடும் குதிரைக்காரரும் "போட்டோ அனுப்புங்க" என்று கேட்டார்கள். அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.*
– வாசகர், மயிலாப்பூர்

அனுப்பிவிடுங்கள், இந்த வாரமே. இப்படிச் சொல்லிவிட்டு வரும் குழுக்கள் நிறைய, அனுப்புபவர்கள் குறைவு. அவர்கள் தோளில் ஏறித்தான் உங்கள் டென்ட் மேலே போனது.

கைடுக்கு இரண்டு வகையாக அனுப்புங்கள். அவர் நன்றாகத் தெரியும் படங்கள் பத்தை அசல் தரத்தில் டாகுமென்டாக அனுப்புங்கள். அடுத்த குழுவைப் பிடிக்க அவருக்கு அவை தொழிலில் உதவும். மலையில் சிக்னல் இருக்காது, அவர் கீழே வரும் நாளில்தான் படங்கள் போனில் இறங்கும் என்பதால் முன்னூறு படங்களை அனுப்பி அவர் டேட்டாவைத் தின்ன வேண்டாம். குதிரைக்காரருக்கும் சமையல்காரருக்கும் பிரின்ட் அனுப்புவதே முறை. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் முகம் தெரியும் படம், குதிரையோடு நிற்கும் படம், குழுவோடு ஒன்று என ஆளுக்கு ஐந்தாறு. பிரின்டைவிட ஓர் அங்குலம் பெரிய இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன்மேல் தபால் உறை. லேமினேட் செய்ய வேண்டாம்.

முகவரியில் ஊர்ப் பெயரைவிடத் தபால் அலுவலகத்தின் பெயரும் பின்கோடும் முக்கியம். கைடிடமே இந்தியில் எழுதி அனுப்பச் சொல்லி, அதையே அச்செடுத்து ஒட்டுங்கள்; மொபைல் எண்ணையும் சேருங்கள். பனி விழுந்தால் உள் கிராமங்களுக்குத் தபால் போவது தாமதமாகும் என்பதால் அக்டோபருக்குள் ஸ்பீட் போஸ்டில் போட்டுவிடுவது நல்லது.

வழியில் எடுத்த கிராமத்துப் பெண்கள், குழந்தைகள் படங்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் பொதுவில் போடாதீர்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு எந்த விதியோ அதுவே அங்கேயும்.

*படங்களை இன்ஸ்டாகிராமில் போடும்போது இடத்தைக் குறிப்பிடலாமா? நண்பர்களுக்குள் இது பற்றிச் சண்டையே வந்துவிட்டது.*
– வாசகி, திருவான்மியூர்

ஊர், மலைத்தொடர், பிரபலமான பாதையின் பெயர் வரை தாராளமாகச் சொல்லலாம். புள்ளி வைத்துக் காட்டுவதில்தான் ஆபத்து. பறவைக்கூடு, அரிய ஆர்க்கிட், வரையாடு குட்டியோடு நிற்கும் பாறை இவற்றுக்கு இடக்குறி வேண்டவே வேண்டாம். பார்த்துவிட்டு அடுத்த மாதம் அங்கே போகிறவர்கள் எல்லோரும் உங்களைப் போலத் தள்ளி நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவார்கள் என்று நம்ப முடியாது.

வனத்துறை அனுமதி இல்லாத பாதையை இடத்தோடு போடுவது அதைவிடத் தவறு. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி உயிரிழந்ததை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க முடியாது. சென்னையிலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை வனத்துறை வழிகாட்டிகளோடு திறந்தார்கள். அவற்றைப் பற்றி எழுதுங்கள், படம் போடுங்கள். எல்லைப் பகுதிகளில் ராணுவச் சாவடி, பாலம், கான்வாய் தெரியும் படங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இன்ஸ்டாகிராமில் நீங்கள் சேர்க்காவிட்டால் இடம் தெரியாது. வாட்ஸ்அப்பில் டாகுமென்டாக அனுப்பும் படத்துக்குள் இடம் அப்படியே போகும். கூகுள் போட்டோஸ் பொது ஆல்பத்தில் இருப்பிடத்தைப் பகிர்வதற்கான பொத்தானை ஒவ்வோர் ஆல்பத்துக்கும் தனியாக அணைக்க வேண்டும்.

*ஒரே இடத்தில் எடுத்த படங்களில் ஒரு போன் காட்டும் உயரமும் இன்னொன்று காட்டும் உயரமும் 40, 50 மீட்டர் வேறுபடுகின்றன. எது சரி?*
– வாசகர், தாம்பரம்

இரண்டையும் நம்பாமல், கணவாய்க்கும் கேம்புக்கும் வரைபடத்தில் உள்ள உயரத்தை எழுதுங்கள். ஜிபிஎஸ் கணக்கிடுவது பூமியின் கணித வடிவத்திலிருந்து உள்ள உயரம். நாம் கேட்பது கடல்மட்டத்திலிருந்து. சில செயலிகள் அதைத் திருத்திக் காட்டும், சில திருத்தாது. தென்னிந்தியாவில் இந்த இடைவெளி உலகிலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. மெரினாவில் நின்று திருத்தாத செயலியைத் திறந்தால் கடல்மட்டத்துக்குக் கீழே 80, 90 மீட்டர் என்று காட்டும்.

*ஒரு மாதத்திலேயே எந்த நாள் எங்கே தங்கினோம் என்பது மறந்துவிட்டது. டைரி எழுதும் பழக்கமும் இல்லை.*
– வாசகி, அடையாறு

படங்களையே டைரியாக்கிக்கொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த படங்களை நேரப்படி அடுக்கினால் நாள் தானாகப் பிரியும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி போதும்: நாள், இடம், யார் யார், அப்புறம் படத்தில் தெரியாத ஏதாவது ஒன்று. "3-ம் நாள் காலை. ஷியா கோரு கேம்புக்கு இறங்கும் சரிவு. இரவெல்லாம் மழை, பாதை வழுக்கியது, கைடு பனியில் படி வெட்டிக் கொடுத்தார்." இந்தக் கடைசித் துண்டுதான் மதிப்புள்ளது. மலையழகு படத்திலேயே இருக்கிறது. மழை பெய்த செய்தி உங்கள் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. பெயர்களை முதலில் எழுதுங்கள், மிக வேகமாக மறப்பவை அவைதான்.

கூகுள் போட்டோஸில் எழுதும் குறிப்பு படக் கோப்புக்குள் பதியாது. வேறு இடத்துக்கு மாற்றினால் பிரிந்துவிடும். டிஜிகேமில் எழுதினால் கோப்புக்குள்ளேயே சேமிக்கலாம். அது சிரமம் என்றால் படங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு டெக்ஸ்ட் கோப்பு போட்டு, பட எண்ணும் குறிப்புமாக எழுதுங்கள்.

எழுதவே வராதவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. குழுவாகக் கூடும் மாலையில் படங்களை டிவியில் ஓடவிட்டு, நடுவில் ஒரு போனை வைத்துப் பேச்சை ஒலிப்பதிவு செய்யுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். ஒவ்வொரு படம் வரும்போதும் ஒருவர் அதன் எண்ணை உரக்கச் சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால் பின்னால் எந்தப் பேச்சு எந்தப் படத்துக்கு என்று தெரியாது. ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார்.

அடுத்த முறை போகும்போது சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள். குளிரிலும் ஈரத்திலும் பேனா மக்கர் செய்யும், பென்சில் எழுதும்.

*மலையிலிருந்து வந்து மூன்று மாதமாகப் பையில் இருந்த லென்ஸில் சிலந்தி வலை போல ஏதோ படர்ந்திருக்கிறது.*
– வாசகர், ராயபுரம்

பூஞ்சை. உடனே சர்வீஸுக்குக் கொடுங்கள். ஆரம்பத்தில் என்றால் துடைத்தெடுக்கலாம், முற்றினால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும். மற்ற லென்ஸ்களைத் தனியாக எடுத்து வையுங்கள். மலையில் நனைந்த பையைக் காயவைக்காமல் கேமராவோடு மூடி வைத்ததே காரணமாக இருக்கலாம். சென்னைக் காற்றின் ஈரமும் துணை போகும்.

இனி கேமராவையும் லென்ஸையும் வைக்க வேண்டியது இப்படி: மூடி இறுக்கமான 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஈரத்தை உறிஞ்ச 100 கிராம் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சிறு ஈரப்பதமானி. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஜெல் நிறம் மாறினால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் தயார். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் அதை வீட்டுக்கு வாங்காதீர்கள். கேமராவை அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவுத்தூசி உள்ளே போய்விடும்.

*1986-ல் கல்லூரி நண்பர்களோடு நீலகிரியில் நடந்தபோது எடுத்த படங்கள் பழைய ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நெகட்டிவும் இருக்கிறது. நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும்.*
– வாசகர், திருவல்லிக்கேணி

நெகட்டிவ் இருப்பது பெரிய அதிர்ஷ்டம், அதிலிருந்தே தொடங்குங்கள். 2400 டிபிஐயில் (அங்குலத்துக்கு 2400 புள்ளி) ஸ்கேன் செய்தால் ஒரு 35 எம்எம் நெகட்டிவிலிருந்து ஏழரை மெகாபிக்சலுக்கு மேல் கிடைக்கும். நிறம் மங்கிச் சிவந்துபோன பிரின்டைவிடப் பெரும்பாலும் நெகட்டிவில் நிறம் நன்றாக மிஞ்சியிருக்கும். நெகட்டிவ் இல்லாத பிரின்டுகளுக்கு 600 டிபிஐ போதும்.

ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பமாக இருந்தால் படத்தை இழுக்காதீர்கள். பல் இடுக்கில் விடும் மெல்லிய நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே அறுப்பது போல நகர்த்தினால் பெரும்பாலும் பிரிந்து வரும். பிடிவாதம் பிடித்தால் விட்டுவிட்டு, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கம் எழுத்து இருந்தால் அதையும் ஸ்கேன் செய்து அதே எண்ணில் வையுங்கள். நண்பர்களுக்கு அனுப்பும்போது, யார் பெயர் மறந்துபோயிற்றோ அந்த முகத்தைச் சுட்டிக் கேளுங்கள்.

*கேமரா கார்டைத் தவறுதலாக ஃபார்மட் செய்துவிட்டேன்!*
– வாசகி, போரூர்

கார்டை இப்போதே கேமராவிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன்மேல் புதிதாக ஒரு படம்கூட எடுக்காதீர்கள்; அழிந்த படங்கள் வேறொன்று மேலே எழுதப்படும்வரை பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். கார்டு ரீடரில் போட்டு, போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்ட படங்களைக் கார்டிலேயே சேமிக்காமல் கம்ப்யூட்டரில் சேமிக்கச் சொல்லுங்கள். கோப்புப் பெயர்கள் போயிருக்கும். எடுத்த நேரம் படத்துக்குள் இருப்பதால் அதை வைத்து அடுக்கிவிடலாம். பெரிய வீடியோக்கள் துண்டு துண்டாக வரலாம்.

போனில் அழித்திருந்தால் இந்த வழி பலிக்காது. கூகுள் போட்டோஸ் 'டிராஷ்' பகுதியில், பேக்கப் ஆன படங்கள் 60 நாட்கள் இருக்கும். ஐபோனில் 30 நாட்கள். நாளை எண்ணிப் பார்த்து இன்றே திறந்து பாருங்கள்.